விற்பவர் வாக்கும் வாங்குவோர் முடிவும்

மனிதன் பண்டங்களை விற்கவும் வாங்கவும் தலைப்பட்ட நாளிலேயே ஐயமும் அவனுடன் சேர்ந்து பிறந்துவிட்டது. விற்பவன் தன் பொருளின் நிறைகுறைகளை அறிவான். வாங்குபவனோ கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே அறிவான். இவ்விருவருக்கும் இடையே உள்ள அறிவின் மேடுபள்ளத்தை நிரவுவதற்கு ஒவ்வொரு நாட்டினரும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு வழியைக் கண்டனர். கடைத்தெருவில் வாரண்டி என்று வழங்கும் உத்தரவாதம் அவ்வழிகளுள் ஒன்று. அதன் வரலாற்றை ஆராய்வது வெறும் ஏட்டறிவுக்காக அன்று. நம் இல்லங்களில் இன்று எடுக்கவேண்டிய ஒரு முடிவுக்கும் அது துணை செய்யும் என்பதாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

ஈராண்டுகளுக்கு முன் என் தமக்கையின் மகன் முதன்முதலாக ஒரு புதிய மகிழுந்து வாங்கச் சென்றார். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆனவர் அவர். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வர நாளொன்றுக்கு 110 கிலோமீட்டர். அவ்வழியில் காலையில் பேருந்து இல்லை. தந்தையை இழந்த குடும்பம். தாயைக் காக்கும் பொறுப்பும் அவருடையதே. ஆகவே மகிழுந்து அவருக்கு ஆடம்பரப் பொருள் அன்று, பிழைப்புக்குரிய கருவி. ஒன்பதாண்டுத் தவணைக் கடனுக்குரிய தாள்களிலெல்லாம் கையொப்பம் இட்டு முடித்த வேளையில், விற்பனையாளர் மேலும் ஒரு தாளை நீட்டினார். ஆலையின் உத்தரவாதம் ஐந்தாண்டு அல்லது 100,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. இன்னும் 2,800 வெள்ளி செலுத்தினால் அது ஏழாண்டு அல்லது 150,000 கிலோமீட்டராக நீளும். அத்தொகையையும் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். அன்று மாலைக்குள் முடிவு சொல்லவேண்டும்.

"மாமா, இதை வாங்கலாமா, வேண்டாமா?" என்று தொலைபேசியில் கேட்டார். எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. "தாளை வீட்டுக்குக் கொண்டு வா, தம்பி, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

பழங்காலத்து உறுதிமொழிகள்

விற்றவனைப் பொறுப்பாளியாக்கும் சட்டம் ஏறத்தாழ 3,750 ஆண்டுகள் பழமையானது. பாபிலோனிய மன்னர் அம்முராபியின் சட்டங்கள் பொறித்த கற்றூண் 1901-1902ஆம் ஆண்டுகளில் பாரசீகத்துச் சூசா நகரில் கண்டெடுக்கப்பட்டு, இன்று பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. படகு கட்டித் தந்தவன் அதை நீர்புகாதவாறு கட்டாமல் விட்டு, அதே ஆண்டுக்குள் படகு பழுதுபட்டால், அவன் தன் சொந்தச் செலவில் அதைப் பிரித்துச் செம்மையாகக் கட்டித்தர வேண்டும் என்று அச்சட்டங்களுள் ஒன்று விதிக்கிறது. கால எல்லை ஓராண்டு. பழுதுநீக்கும் செலவு செய்தவனுடையது. இன்றைய ஆலை உத்தரவாதத்தின் உயிர்நிலை இவ்விரண்டு வரம்புகளிலும் அடங்கியிருப்பதைக் காணலாம்.

உரோமாபுரியில் சந்தையை மேற்பார்வையிட்ட ஈடைல் என்னும் அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும் என ஆணையிட்டனர். மறைத்து விற்றால் வாங்கியவன் ஆறு மாதங்களுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் விலையைக் குறைக்கும்படி வழக்கிடலாம். மனிதரைப் பண்டமாக்கிய கொடுமை நம் நெஞ்சை வருத்துகின்றது. எனினும், திருப்பித்தருதல், விலை குறைத்தல் என்னும் இரு பரிகாரங்களும் அங்கே தெளிவாக வகுக்கப்பட்டன என்பது வரலாறு.

பாரதத்தில் கௌடிலியரின் அருத்தசாத்திரம் இப்பொருளை இன்னும் நுட்பமாக அணுகுகின்றது. விற்பனையை முறித்துக்கொள்ள வணிகருக்கு ஓர் இரவும், உழவருக்கு மூன்று இரவுகளும், ஆயருக்கு ஐந்து இரவுகளும் தவணை தருகின்றது. நாற்கால் விலங்குகளுக்கு மூன்று பட்சங்கள், அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் திங்கள். அக்கால அளவுக்குள் விலங்கின் நலமும் குறையும் புலப்பட்டுவிடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். உத்தரவாதக் காலம் எத்துணை நீளமாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு இதனினும் சிறந்த விடை இல்லை. பொருளின் மறைந்த குறை வெளிப்பட எவ்வளவு காலம் தேவையோ, அவ்வளவு காலம் விற்றவன் பொறுப்பிலிருந்து விலகலாகாது.

தமிழர் வாழ்விலும் இக்கருத்து வேரூன்றியிருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பேசுமிடத்து, அவர்கள் அளவில் ஏமாற்றாதவர்கள், பிறர் பொருளையும் தம்முடையதாகவே மதிப்பவர்கள் என்று போற்றுகின்றது. அங்கே பொருளுக்கு உறுதி வணிகனின் நெஞ்சமே. ஆனால் நெஞ்சத்தை மட்டும் நம்பி நம் முன்னோர் இருந்துவிடவில்லை. நிலம் விற்கும் கிரயப் பத்திரத்தில், 'இதில் யாதொரு வில்லங்கமும் இல்லை. பின்னர் ஏதேனும் தோன்றினால் நானே முன்னின்று தீர்த்துத் தருவேன்' என்னும் கருத்தமைந்த வாசகத்தை எழுதி வாங்கும் வழக்கம் இன்றளவும் தொடர்கின்றது. அந்த வாசகத்துக்கென வாங்குவோர் தனி விலை கொடுப்பதில்லை. அது விற்பனையின் ஓர் உறுப்பு.

வாங்குவோனே, விழித்திரு

ஆங்கிலேயரின் பொதுச்சட்டம் வேறு வழியில் சென்றது. 1603ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கப்பட்ட சாண்டலர் - லோபஸ் வழக்கு சட்ட மாணவர் பலரும் அறிந்தது. நஞ்சை முறிக்கும் ஆற்றல் உடையது என்று அக்காலத்தோர் நம்பிய கோரோசனைக் கல் என்று கூறி, ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றார். அது போலி எனத் தெரியவந்தது. ஆயினும், 'உறுதியளிக்கிறேன்' என்று அவர் தெளிவாகக் கூறவில்லை. 'இது கோரோசனைக் கல்' என்று மட்டுமே கூறினார். ஆகவே வழக்கு நிலைக்காது என்று தீர்ப்பாயிற்று. வாங்குவோனே விழிப்பாக இருக்கவேண்டும் என்னும் கோட்பாடு இத்தகைய தீர்ப்புகளால் வலுப்பெற்றது.

இயந்திரத் தொழில் வளர வளர இக்கோட்பாடு ஆட்டங்கண்டது. குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல இயந்திரத்தின் உட்புறத்தைப் பார்க்க யாரால் இயலும்? 1893ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொருள் விற்பனைச் சட்டம், விற்பனைக்குத் தகுந்த தரமும், சொல்லப்பட்ட நோக்கத்துக்குப் பொருத்தமும் ஒப்பந்தத்தில் எழுதப்படாவிடினும் எழுதப்பட்டனவாகவே கொள்ளப்படும் என்று வகுத்தது. அதன் வழிவந்ததே மலாயாவின் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. இரு தரப்பாரும் உடன்பட்டால் அந்த உள்ளார்ந்த உறுதிகளை ஒப்பந்தத்தின் வாயிலாக விலக்கிவிடலாம். அச்சிட்ட படிவத்தில் கையொப்பம் இடுபவர் எதற்கு உடன்படுகிறார் என்பதை எத்தனை பேர் படித்துப் பார்க்கின்றனர்?

தொண்ணூறு நாள் உத்தரவாதம்

இந்த ஓட்டையின் பேராபத்தை உலகுக்கு உணர்த்தியது மகிழுந்துதான். 1955ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹென்னிங்சன் என்பவர், அன்னையர் தினப் பரிசாகத் தம் மனைவிக்குப் புதிய பிளிமத் மகிழுந்து ஒன்றை வாங்கினார். இரண்டு வாரமும் ஆகவில்லை. வண்டி ஓடியிருந்த தொலைவு 468 மைல். அம்மையார் ஓட்டிச் சென்றபோது சுக்கான் கைமீறிச் சுழல, வண்டி ஒரு செங்கற்சுவரில் மோதியது. அன்று அமெரிக்க மகிழுந்து நிறுவனங்கள் ஒரே படிவத்தில் வழங்கிவந்த உத்தரவாதம் 90 நாள் அல்லது 4,000 மைல், எது முந்துகிறதோ அதுவரை. குறைபட்ட உறுப்பை மாற்றித் தருவது மட்டுமே நிறுவனத்தின் கடமை. மற்றெல்லாப் பொறுப்புகளும் விலக்கப்படுகின்றன என்று ஒப்பந்தத்தின் பின்புறத்தில் நுண்ணிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

1960ஆம் ஆண்டில் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த விலக்கு வாசகத்தைச் செல்லாது என ஒதுக்கியது. எல்லா நிறுவனங்களும் ஒரே படிவத்தைக் கையாளும்போது, வாங்குவோர் வேறு எங்குச் செல்ல இயலும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். உத்தரவாதம் என்னும் பெயரால் உரிமையைப் பறிக்கும் தாளும் உண்டு என்பதை அவ்வழக்கு எடுத்துக்காட்டியது.

அதன்பின் நிலைமை மாறியது. 1961ஆம் ஆண்டு வண்டிகளுக்கு ஃபோர்டு நிறுவனம் 12 மாதம் அல்லது 12,000 மைல் என உத்தரவாதத்தை நீட்டியது. 1963ஆம் ஆண்டு வண்டிகளுக்குக் கிரைஸ்லர் நிறுவனம் இயந்திரம் முதலிய ஓட்டுறுப்புகளுக்கு ஐந்தாண்டு அல்லது 50,000 மைல் என அறிவித்து, உத்தரவாதத்தையே விளம்பரக் கருவியாக்கியது. ஆனால் பழுதுநீக்கும் செலவு பெருகவே, அப்பத்தாண்டு முடியும் தறுவாயில் அந்தத் தாராளம் சுருங்கலாயிற்று. வாக்களிப்பது எளிது, வாக்கைக் காப்பதற்குப் பொருள் வேண்டும் என்பது நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

விலைக்கு வந்த உறுதி

1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் பொருளியல் அறிஞர், பழைய மகிழுந்துச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் ஆய்வுரை வெளியிட்டார். குறையை விற்பவன் மட்டுமே அறியும் சந்தையில், வாங்குவோர் எல்லா வண்டியையும் ஐயுற்றுக் குறைந்த விலையே தர முன்வருவர். ஆகவே நல்ல வண்டிகள் சந்தைக்கு வாராமல் ஒதுங்கும் என்பது அவர் கண்ட உண்மை. அதனைத் தடுக்கும் ஏற்பாடுகளுள் உத்தரவாதத்தையும் அவர் குறிப்பிட்டார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தன் பொருளில் நம்பிக்கையுள்ளவனே நெடுங்கால உறுதி தரத் துணிவான். ஆதலால் உத்தரவாதம் தரத்தின் அடையாளமாகின்றது.

ஆனால் தனி விலைக்கு விற்கப்படும் உறுதிக்கு இவ்விளக்கம் பொருந்துமா? 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட மேக்னசன் - மாஸ் உத்தரவாதச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. பொருளோடு சேர்ந்து வருவது உத்தரவாதம். தனிக் கட்டணம் பெற்று விற்பதை அச்சட்டம் சேவை ஒப்பந்தம் என்று வேறு பெயரிட்டழைத்தது. பின்னது தன்மையால் காப்புறுதியை ஒத்தது. பலரிடம் பணம் திரட்டிச் சிலருடைய பழுதைத் தீர்ப்பது அது. திரட்டிய பணத்திலிருந்தே பழுதுச் செலவும், அலுவலகச் செலவும், விற்பனையாளர் தரகும், நிறுவனத்தின் இலாபமும் பெறப்பட வேண்டும். ஆகவே வாங்குவோர் அனைவரையும் ஒருசேர நோக்கினால், அவர்கள் செலுத்துவதைவிடக் குறைவாகவே திரும்பப் பெறுவர். இது ஏமாற்று அன்று, அவ்வணிகத்தின் இயல்பு.

ஆயினும் அதை விற்கும் முறையில் குறைகள் இருந்தன. பிரிட்டனின் போட்டி ஆணையம், வீட்டு மின்பொருள்களுக்கான நீட்டித்த உத்தரவாத விற்பனையை ஆராய்ந்து 2003இல் அறிக்கை அளித்தது. பொருள் வாங்கும் கடையிலேயே, வாங்கும் அந்த நேரத்திலேயே இதுவும் விற்கப்படுவதால், வாங்குவோர் விலையை ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பின்றி இருந்ததை அது கண்டது. 2005ஆம் ஆண்டு ஆணை, உத்தரவாதத்தின் விலையைப் பொருளின் விலைக்கருகே காட்டவேண்டும் என்றும், வாங்கியவர் 45 நாள்களுக்குள் ஒப்பந்தத்தைக் கைவிட்டு முழுப்பணமும் பெறலாம் என்றும் விதித்தது. கௌடிலியர் உழவருக்குத் தந்த மூன்று இரவுகள் மீண்டும் உயிர்பெற்றன எனலாம்.

வாக்களித்தவனே இல்லாமற் போவதும் உண்டு. அமெரிக்காவில் மகிழுந்துச் சேவை ஒப்பந்தங்களைத் தொலைபேசி வழி பெருமளவில் விற்ற யூ.எஸ். ஃபிடெலிஸ் என்னும் நிறுவனம் 2010இல் நொடித்துப் போயிற்று.

நம் நாடுகளின் நிலை

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழைய ஓட்டையை அடைத்தது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும். பாதுகாப்பும் நீடித்து உழைக்கும் தன்மையும் அத்தரத்தில் அடங்கும். ஒப்பந்தத்தில் எழுதி இவ்வுரிமையை விலக்க இயலாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் துணையின்றியே முறையிடலாம். அம்மன்றம் விசாரிக்கும் தொகையின் வரம்பு முதலில் 10,000 வெள்ளியாக இருந்து, 2003இல் 25,000 ஆகவும், 2019இல் 50,000 ஆகவும் உயர்ந்தது.

சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதங்களுக்குள் தோன்றும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். அவ்வாறு இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை விற்றவரைச் சாரும். பழைய மகிழுந்துகளுக்கும் அச்சட்டம் பொருந்தும். உரோமாபுரியின் ஆறு மாதமும் இந்த ஆறு மாதமும் ஒத்திருப்பது சிந்திக்கத்தக்கது. மேலும் 1990 முதல் அங்கே மகிழுந்து உரிமைச் சான்றிதழின் காலம் பத்தாண்டாக இருத்தலால், எத்தனை ஆண்டுக்கு உறுதி வேண்டும் என்னும் கணக்கும் நம் நாட்டுக் கணக்கினின்று வேறுபடும்.

ஆகவே 2,800 வெள்ளி கொடாவிடினும் என் மருமகன் உரிமையற்றவர் அல்லர். அவர் வாங்க எண்ணியது சட்டம் தரும் உறுதிக்கு மேற்பட்ட ஓர் ஒப்பந்தம் மட்டுமே.

எடுத்த முடிவு

என் பட்டறிவு ஒன்றையும் இங்குச் சொல்லவேண்டும். முன்பு நானும் இத்தகைய கூடுதல் உத்தரவாதம் ஒன்றை வாங்கினேன். நான்காம் ஆண்டில் கியர்ப்பெட்டி பழுதுற்றது. ஒருமுறை எண்ணெய் மாற்றத்தை எங்கள் ஊர்ப் பட்டறையில், அதுவும் குறித்த தொலைவைத் தாண்டிச் செய்திருந்தேன். அதைக் காட்டி என் கோரிக்கையை நிராகரித்துவிட்டனர். நிபந்தனை தாளில் இருந்தது உண்மை. நான் படிக்காததும் உண்மை. மாணவருக்கு 'வினாவை நன்றாகப் படித்து விடை எழுதுக' என்று முப்பதாண்டுகள் சொல்லிவந்த எனக்கு அன்று நேர்ந்த வெட்கம் பணவிழப்பினும் பெரிது.

அதனால் அன்றிரவு நாங்கள் இருவரும் தாளை வரிவரியாகப் படித்தோம். பின்னர்க் கணக்கிட்டோம். பள்ளி நாள்கள் ஆண்டுக்கு 190 என்று கொண்டால் பள்ளிப் பயணம் மட்டும் 20,900 கிலோமீட்டர். பிற பயணங்களையும் சேர்த்தால் 25,000. ஆலையின் ஐந்தாண்டு உத்தரவாதம் அவருக்கு நான்காண்டிலேயே முடிந்துவிடும். நீட்டித்த ஏழாண்டு ஆறாண்டில் முடியும். 'எது முந்துகிறதோ அது' என்னும் மூன்று சொற்கள் இருமுறையும் ஓராண்டைக் குறைத்துவிட்டன. முதலுக்கு ஆண்டுதோறும் 3 விழுக்காடு வட்டி என்ற முறையில், கடனோடு சேர்த்த 2,800 வெள்ளிக்கு ஒன்பதாண்டில் 756 வெள்ளி வட்டியாகும். ஆக மொத்தம் 3,556 வெள்ளி, மாதம் ஏறத்தாழ 33 வெள்ளி. உத்தரவாதம் ஆறாம் ஆண்டில் முடிந்தபின்னும் மூன்றாண்டுகள் அதற்காகத் தவணை கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தேய்மானத்தால் பழுதுபடும் உறுப்புகள் பல அந்த ஒப்பந்தத்தில் சேரவுமில்லை.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. சேமிப்பு உள்ளவருக்குப் பழுது ஒரு செலவு. சேமிப்பு இல்லாதவருக்கு அது வேலைக்கே வரும் இடையூறு. பெருஞ்செலவு ஒரே நாளில் வந்து விழுந்தால் தாங்க இயலாதவர், சராசரிக் கணக்கில் நட்டம் என்று தெரிந்தே காப்பை வாங்குவதில் தவறில்லை. தீக்காப்புறுதியை நாம் அவ்வாறுதானே வாங்குகிறோம்? இதை நான் அவரிடம் மறைக்கவில்லை. முடிவு அவருடையது என்றும் சொன்னேன்.

அவர் வாங்கவில்லை. மாறாக, முதல் மாதத்திலிருந்தே மாதம் 50 வெள்ளியைத் தனிக் கணக்கில் இடத் தொடங்கினார். ஆலை உத்தரவாதம் முடியும் நான்காண்டில் அது 2,400 வெள்ளியாகும். பராமரிப்புச் சேவை ஒன்றையும் தவறவிடாமல் உரிய நேரத்தில் செய்து, பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் வைத்துவருகிறார். ஐந்தாம் ஆண்டில் கியர்ப்பெட்டியே பழுதாகிவிட்டால் அந்த 2,400 வெள்ளி போதாமற் போகலாம். அதை அறிந்தே அவர் அம்முடிவை எடுத்தார். இரண்டாண்டுகள் சென்றுவிட்டன, வண்டி நலமாக ஓடுகின்றது. எனினும் முடிவு சரியானதா என்பதைச் சொல்லவேண்டியது இனிவரும் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில வினாக்கள். வாக்களிப்பவர் யார்: ஆலையா, விற்பனையாளரா, மூன்றாம் நிறுவனமா? காலம் எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிகின்றது? எவ்வுறுப்புகள் விலக்கப்பட்டுள்ளன? எந்தத் தவறு செய்தால் உறுதி அற்றுப்போகும்? சட்டம் ஏற்கெனவே தந்துள்ளது எது? இவற்றுக்கு விடை காணாமல் அன்று மாலைக்குள் கையொப்பம் இடவேண்டும் என்று யாரேனும் விரைவுபடுத்தினால், ஓர் இரவேனும் தவணை கேட்பது வாங்குவோர் உரிமை. பாபிலோனியப் படகோட்டிக்கு ஓராண்டு கிடைத்தது. நமக்கு ஓர் இரவு கிடைக்காதா?